செட்டிநாட்டில் நான்கு இரவு: காரைக்குடியா, கானாடுகாத்தானா, திருப்பத்தூர்ப் பக்கமா?

காரைக்குடியில் அறை எடுத்து, வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, காலையில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, மதியம் ஆத்தங்குடி, சாயங்காலம் கானாடுகாத்தான், மறுநாள் விடிந்ததும் ராமேசுவரம். செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது இவ்வளவுதான். அந்தப் பயணத்துக்கு எந்த ஊரில் தங்கினாலும் ஒன்றுதான். மூன்று நான்கு இரவு ஓரிடத்தில் தங்கி, நடந்தும் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் நிதானமாகச் சுற்ற நினைக்கிறவர்களுக்குத்தான் தங்கும் ஊர் முக்கியமாகிறது. அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பொழுது சாலையிலேயே போய்விடும்.

காரணம் நிலத்தில் இருக்கிறது. சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள்தான் செட்டிநாடு. ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள். வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. செம்பூரான் கல் மண், பனை, முந்திரி, தைல மரம், எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேல். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தரை சமமாகக் கிடக்கும். பெரிய வீடுகள் அங்கேதான் அதிகம். மேற்கே குன்றக்குடியில் பாறை தலைகாட்டி, பிள்ளையார்பட்டி, திருக்கோளக்குடி என்று ஆங்காங்கே எழும்பி, பிரான்மலையில் உண்மையான மலையாகவே ஆகிவிடும். வடக்கே திருமயத்தில் ஒற்றைப் பாறையின் மேல் கோட்டை. வீடுகள் ஒரு பக்கம், குன்றுகள் இன்னொரு பக்கம்.

இரண்டையும் இணைப்பது தண்ணீர். பாறைச் சரிவில் விழும் மழை கண்மாய்க்குப் போகிறது. ஊருக்குள் விழுவது ஊருணிக்குப் போகிறது. செட்டிநாட்டு வீட்டு ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் வளவை, அதாவது வீட்டு நடுவே திறந்து கிடக்கும் முற்றத்தை, நோக்கிச் சரிந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே வீடு மட்டும் பார்த்தாலோ குன்று மட்டும் பார்த்தாலோ கதையில் பாதிதான் கிடைக்கும். காலையில் ஒரு பாறையிலும் நடுப்பகலில் ஒரு வளவிலும் சாயங்காலம் ஒரு நீர்நிலைக் கரையிலும் இருக்க முடிகிற ஊர்தான் நல்ல தங்குமிடம். மூன்று ஊர்களையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

காரைக்குடி

வாகனம் இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான ஊர் இல்லை. ரயில் சந்திப்பு இங்கே இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து பல்லவன் விரைவு வண்டி மாலையில் புறப்பட்டு இரவு வந்து சேர்கிறது. திருச்சி, மதுரை விமான நிலையங்கள் இரண்டுமே ஏறத்தாழ 90 கி.மீ. சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் டவுன் பஸ் இங்கிருந்துதான் கிளம்புகிறது. மெஸ்களும் ஓட்டல்களும் நிறைய. பசித்த நேரத்தில் சாப்பாடு கிடைக்கும், முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டியதில்லை. சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நகரத்துக்குள் இரண்டு அரை நாள் செலவழிக்கலாம். 1941-இல் கட்டிய ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவிலிருந்து பார்ப்பதோடு சரி. கொப்புடையம்மன் கோயில், தமிழ்த்தாய் கோயில், கம்பன் மணிமண்டபம், கண்ணதாசன் மணிமண்டபம். பங்குனியில் வருகிறவர்கள் கம்பன் விழா நாட்களைக் கணக்கில் வைத்துக் கொள்ளலாம். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா இங்கே நடந்து, அத்தத் திருநாளில் கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவடையும். தமிழில் ஈடுபாடு இருப்பவர்களுக்கு அந்த ஒரு வாரம் காரைக்குடியைத் தவிர வேறெந்த ஊரும் பொருந்தாது.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. எனாமல் தட்டு, பர்மா அரக்குப் பாத்திரம், பித்தளைக் கூஜா, கதவு, தூண் என்று குவிந்து கிடக்கும். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு வாங்கிக் கொடுக்கும்போது இது தொந்தரவாகும். இன்னொன்று, அங்கே நிற்கும் தேக்குத் தூண் பெரும்பாலும் இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்தது. பங்காளிகளுக்குள் பாகம் பிரிக்க முடியாமலும் பராமரிக்கப் பணம் இல்லாமலும் வீடுகள் இடிபடுகின்றன. தூணுக்கு நல்ல விலை இருப்பதும் இடிப்பதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. தூணை விட்டுவிட்டுக் கொட்டான் வாங்குங்கள். பனையோலையில் பின்னும் அந்தக் கூடை இன்றைக்கு உட்கார்ந்து பின்னுகிற பெண்ணின் கைக்குக் கூலியாகப் போய்ச் சேரும்.

காரைக்குடியின் குறை அதன் நகரத்தன்மைதான். விடிகாலையில் கதவைத் திறந்து இறங்கினால் பஸ் ஹாரன் கேட்கும், குயில் கேட்காது. நடந்து போகிற தூரத்தில் குன்று கிடையாது. மேற்கே குன்றக்குடி சுமார் 10 கி.மீ., அதிலிருந்து பிள்ளையார்பட்டி மேலும் 3 கி.மீ. இரண்டுக்கும் பஸ் அடிக்கடி உண்டு. கிழக்கே 4 கி.மீ.க்குள் அரியக்குடி, குத்துவிளக்குக்கும் சங்கீத வித்துவான் ராமானுஜ ஐயங்காருக்கும் பேர்போன ஊர். ஒரு மாலைக்கு அது போதும்.

குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பதினொரு மணிக்குக் கிளம்புவது. கோயில்கள் மதியம் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும். படிகளில் செருப்பில்லாமல் ஏற வேண்டும். மாசி பிறந்துவிட்டால் பகல் பத்து மணிக்கே கல் சுடும். காலை ஆறரைக்குக் குன்றக்குடிப் படியில் காலை வையுங்கள். மேலே சண்முகநாதரைப் பார்த்துவிட்டு இறங்கி, அடிவாரத்துக் குடைவரைகளில் நிதானமாக அரை மணி நேரம் நில்லுங்கள். முருகனைப் பார்த்துவிட்டு இந்தக் குடைவரைகளைத் தாண்டி நேராக பஸ்ஸுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். முற்காலப் பாண்டியர் காலத்து வேலை அது. பிறகு பிள்ளையார்பட்டி. வடக்கு நோக்கி அமர்ந்த, துதிக்கை வலம் சுழித்த, இரண்டே கையுள்ள பிள்ளையார், மலையோடு மலையாகச் செதுக்கப்பட்டவர். சங்கடஹர சதுர்த்தியிலும் ஆவணிச் சதுர்த்தி விழா நாட்களிலும் வரிசை மணிக்கணக்கில் நீளும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களை விட்டுவிட வேண்டும்.

கானாடுகாத்தான்

காரைக்குடிக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே பக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது. பெயரை நம்பி டிக்கெட் எடுக்காமல், காரைக்குடியில் இறங்கி ஆட்டோவில் வருவது நல்லது. இரவு வண்டியில் வருகிறீர்கள் என்றால் தங்கும் வீட்டுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும்.

2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. அவற்றுள் கானாடுகாத்தானும் ஒன்று. 1912-இல் கட்டிய செட்டிநாட்டு அரசர் அரண்மனைதான் இங்கே எல்லோரும் படம் எடுக்கும் இடம். அது ஒரு குடும்பத்தின் வீடு. நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். இந்த ஊரின் அருமை தனிப்பட்ட ஒரு வீட்டில் இல்லை, தெருவில் இருக்கிறது. நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் அகலமான தெருக்கள். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று ஒரே வீடு இரண்டு தெருவையும் தொட்டு நிற்கும். முன்வாசலில் நின்று பார்த்தால் திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கதவுக்குள் கதவாக, கடைசியில் பின்தெரு வெளிச்சம் ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும். அந்த நேர்க்கோடுதான் காற்றோட்டமும். சித்திரை வெயிலில் கூட வளவில் உட்கார முடிவதற்கு அதுவும், சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து இழைத்த சுவரும்தான் காரணம். அந்தச் சுவரில் புறங்கையை வைத்துப் பாருங்கள். பளிங்கைத் தொட்டதுபோல இருக்கும்.

வளவைச் சுற்றி அறைகள் ஏன் ஒரே அளவில், இவ்வளவு சிறியதாக இருக்கின்றன என்று பலர் கேட்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒவ்வொரு அறை. சாமான் வைக்கவும் பூஜைக்கும்தான் அறை, புழங்குவதெல்லாம் வளவில். ரங்கூனிலும் மலேயாவிலும் வாணிகம் செய்த ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே இருக்க, வீட்டை ஆண்டது பெண்கள். இன்றைக்கும் வீட்டைப் பார்க்கக் கேட்கும்போது பெரியவர் யாராவது திண்ணையில் இருந்தால், “ஆச்சி, உள்ளே வந்து பார்க்கலாங்களா?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை வெளியில் கழற்றிவிட்டுப் போவதுதான் முறை. காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் கேட்டால் ஒரு தொகை எதிர்பார்ப்பார்; கொடுப்பதில் தவறில்லை. தை, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் கல்யாணத்துக்காகத் திறக்கும். அந்தச் சமயத்தில் உள்ளே நுழைந்து படம் எடுக்கக் கூடாது.

நடப்பதற்குக் காலை ஆறிலிருந்து எட்டரை வரை, மாலை நான்கரைக்கு மேல். சைக்கிள் இருந்தால் பள்ளத்தூர், கோத்தமங்கலம் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று. தரை சமம், போக வர 15 கி.மீ.க்குள் முடியும். ஒவ்வொரு ஊரிலும் ஊருணிக்குப் போங்கள். செம்பூரான் கல்லில் படி கட்டிய சதுரக் குளம், மழைநீர் வந்து விழும் வாய்க்கால், வண்டல் தங்கும் இடம் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வாய்க்கால் எந்த வீட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பின்னோக்கி நடந்து பாருங்கள். கூரையிலிருந்து ஊருணி வரை தண்ணீர் போகும் வழி கண்ணுக்குத் தெரிந்துவிடும். எந்த ஊரில் வாய்க்கால் மேல் கடை கட்டியிருக்கிறார்களோ அந்த ஊர் ஊருணி காய்ந்து கிடப்பதையும் பார்ப்பீர்கள். மனது கனக்கும் காட்சி அது.

ஆத்தங்குடிக்கு இங்கிருந்து ஒரு முற்பகல் போதும். பெரிய வீடு ஒன்றைக் கட்டணத்தில் பார்க்கலாம். ஆனால் நேரத்தை அங்கே செலவழிக்காமல், ஆத்தங்குடிக் கல் என்னும் வண்ணத் தரைக்கல் அடிக்கும் பட்டறையில் செலவழியுங்கள். தரையில் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகரத்தால் வளைத்த அச்சு. வண்ணம் கரைத்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் மொண்டு, சிவப்பு ஓர் அறையில், பச்சை ஓர் அறையில், மஞ்சள் ஓர் அறையில் என்று ஊற்றுகிறார் தொழிலாளி. அச்சைத் தூக்கும் நொடிதான் உயிர்நிலை. கை லேசாகச் சாய்ந்தாலும் ஒரு வண்ணம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும். தூக்கியதும் மேலே மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவுகிறார். அது குழம்பின் ஈரத்தை உறிஞ்சி வண்ணத்தை நிறுத்துகிறது. பிறகு ஈரக் கலவையை அப்பி, மட்டம் தட்டி, சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு காய வைக்கிறார். அடுத்து தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறல். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கடைசியில் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போது கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம் பளபளவென்று வரும். அதுதான் கல்லின் மேல்முகம். மெருகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தக் கண்ணாடியைத்தான் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வாங்க நினைப்பவர்களுக்கு: இது கனமான கல், ஓரம் எளிதில் உடையும், ஏற்றி இறக்கும்போது சேதம் வரும் என்று எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதலாகவே எடுக்க வேண்டும். பதிப்பவர் இந்தக் கல்லில் பழகியவராக இருக்க வேண்டும். சாதாரண டைல்ஸ் போல நினைத்து ஆசிட் ஊற்றிக் கழுவினால் வண்ணம் போய்விடும். வெறும் தண்ணீரும் எப்போதாவது துணியில் தொட்ட தேங்காய் எண்ணெயும் போதும். புழங்கப் புழங்க மெருகு ஏறும் தரை இது.

சாப்பாட்டு விஷயத்தில் கானாடுகாத்தான் காரைக்குடிக்கு நேர் எதிர். தங்கும் பழைய வீடுகளில் ஆள் கணக்குப் பார்த்துத்தான் சமைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் காலையிலேயும், காலைப் பலகாரத்துக்கு முந்தின இரவும் சொல்லியாக வேண்டும். கவுனி அரிசி என்னும் கறுப்பரிசி கேட்டால் இன்னும் முன்னதாக. இரவு முழுவதும் ஊறாத கவுனி அரிசி வேகாது. ஊற வைத்த தண்ணீரிலேயே வேக வைத்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்ப்பார்கள். பர்மாவிலிருந்து வந்த அரிசி, இன்று செட்டிநாட்டு விருந்தின் முதல் இனிப்பு. வெள்ளைப் பணியாரம் மாவு அரைத்த உடனே ஊற்றினால்தான் வெள்ளையாகவும் மென்மையாகவும் வரும். புளிக்க விட்டால் எண்ணெய் குடிக்கும். ஆகவே அதையும் சொல்லி வைத்துத்தான் கேட்க வேண்டும்.

இனி குன்று. கானாடுகாத்தானிலிருந்து திருமயம் சுமார் 12 கி.மீ., புதுக்கோட்டைச் சாலையில் பஸ் வசதி உண்டு. இந்த ஒரு காரணத்தால்தான் கானாடுகாத்தான் தராசில் கனமாக இறங்குகிறது. 1687-இல் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பாறையைச் சுற்றி வளைத்து நிற்கிறது. உச்சியில் பீரங்கி ஒன்று. ஏறும் வழியில் பாறை நடுவே குடைந்த சிறு சிவன் சன்னதி. மேலே ஏற அரை மணி நேரம் ஆகாது. அங்கிருந்து பார்த்தால்தான் கீழே கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டுபோல இறங்குவது புரியும். மேல் கண்மாய் நிரம்பினால் மிகுந்த தண்ணீர் கலிங்கு என்னும் வடிகால் வழியே கீழ்க் கண்மாய்க்கு. இந்த நாட்டின் விவசாயம் முழுவதும் அந்த ஏணியில்தான் நிற்கிறது.

அதே பாறையின் தெற்குச் சரிவில் இரண்டு குடைவரைக் கோயில்கள் அடுத்தடுத்து: சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள். இரண்டு கோயிலுக்கும் இடையே சொத்து வழக்கு மூண்டு, 13-ஆம் நூற்றாண்டில் போசள (ஹொய்சள) படைத்தலைவர் ஒருவர் முன்னிலையில் தீர்த்து வைத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. குகைக்குள் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்க இருட்டுக்குக் கண் பழக வேண்டும்; கை விளக்கு அடிக்காமல் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் தானே தெரிவார். ஒழுங்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலை ஏழரைக்குக் கோயில்கள், கோட்டை திறந்ததும் மேலே, பத்தரைக்குள் இறங்கிவிட வேண்டும். மாலையில் போனால் ஐந்து மணிக்கு மேல் கோட்டைக்குள் விட மாட்டார்கள் என்று எண்ணித் திட்டமிடுங்கள். கோட்டைப் பாறையில் செருப்பு போடலாம். ஆனால் மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும்.

கையில் கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்குத் தங்குமிடம் இங்கே எளிது. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், திருமயத்தை ஒட்டிக் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று பழைய வீடுகளையே விடுதியாக்கியிருக்கிறார்கள். சிக்கனமாக வருகிறவர்களுக்கு இந்த ஊர் கஷ்டம். அவர்கள் காரைக்குடியில் தங்கி முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகலாம், ஆனால் விடியற்காலைத் தெருவை இழப்பார்கள்.

திருப்பத்தூரும் பிரான்மலையும்

முதலில் ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் வேலூர்ப் பக்கம் மாவட்டத் தலைநகராக ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. ரயிலோ பஸ்ஸோ பதிவு செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நள்ளிரவில் தவறான ஊரில் இறங்கினால் சுமார் 300 கி.மீ. தள்ளிப் போய்விடுவீர்கள். இது சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர், காரைக்குடிக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. ரயில் கிடையாது.

இங்கே தங்கும் வசதி சாதாரண லாட்ஜ்தான். பழைய வீட்டு விடுதியும் வளவும் வாழையிலை விருந்தும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். மலையும் பறவையும் கல்வெட்டும் தேடுகிறவர்களுக்கு இதுதான் ஊர். சம்பந்தர் முதலானோர் பாடிய திருத்தளிநாதர் கோயில் நடுவூரில். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதும் இங்கேதான், நினைவிடம் இருக்கிறது. தெற்கே திருக்கோட்டியூர், ராமானுஜர் எட்டெழுத்தை எல்லோருக்கும் கேட்கச் சொன்ன தலம். மாசி மகத்தில் தெப்பக்குளக் கரை முழுவதும் அகல் விளக்கு. காரைக்குடி திரும்பும் வழியில் வைரவன்பட்டி. நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஒன்பது நகரக் கோயில்களில் சிற்பத்துக்காக ஒன்றே ஒன்றைப் பார்ப்பதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கக் கேட்காதீர்கள். ஓட்டுநர் சரி என்பார். மதியம் நடை சாத்திய வாசலில் மூன்று மணி நேரம் நிற்பீர்கள்.

மதுரைச் சாலைப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977-இல் அறிவிக்கப்பட்டது, 38.4 ஹெக்டேர், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களையும் வேட்டங்குடிக் கண்மாயையும் சேர்த்தது. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் கார்த்திகையிலிருந்து மாசி வரை கூடு கட்டி இருக்கும். பறவை மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர் தானாக எடுத்துக் காத்துவரும் முடிவு அது. ஐப்பசி மழை பொய்த்த வருஷம் கண்மாய் காய்ந்து, பறவையும் வராது. கிளம்புவதற்கு முன் கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துக் கொண்டு போக வேண்டும். சாயங்காலம் நாலரைக்குக் கரையில் இருந்தால் இரை தேடப் போன கூட்டம் திரும்புவதைப் பார்க்கலாம்.

பிரான்மலை திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி வழியாக சுமார் 25 கி.மீ. தேவாரத்தில் திருக்கொடுங்குன்றம். அதற்கும் முன்னால் பாரியின் பறம்பு. உழவர் உழாமலே இந்த மலை நான்கு விளைச்சல் தரும் என்று கபிலர் புறநானூற்றின் 109-ஆம் பாட்டில் கணக்குச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மூவேந்தர் முற்றுகையிட்டும் மலைக்குள் இருப்பவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் பொருள். அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தால், செங்குத்தான பாறை முகமும் அதன் மேல் பசுமையும் தெரியும்போது, படை நடத்தி இதைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது விளக்காமலே விளங்கும்.

கோயில் மூன்று நிலை: பாதாளத்தில் கொடுங்குன்றநாதர், நடுவில் விசுவநாதர், கயிலாயம் என்னும் மேல்நிலையில் குகைக்குள் மங்கைபாகர். இதுவரை எல்லோரும் ஏறலாம். அதற்கு மேல் மலை உச்சிக்குப் போவது வேறு வேலை. நிதானமாக ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்; பல இடங்களில் பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் ஒரு தர்கா இருக்கிறது; இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பாதையில்தான் ஏறுகிறார்கள். மேலே கடை இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள அடிப்பாகமுள்ள காலணி, குரங்குக்குத் தெரியாமல் மூடிய பை. காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் பத்தரைக்குள் இறங்கிவிடலாம். ஒன்பது மணிக்குக் கிளம்பியவர்கள்தான் பாதி வழியில் தலைசுற்றி உட்கார்கிறார்கள், ஏனென்றால் மொட்டைப் பாறை வெயிலை வாங்கி முகத்தில் அடிக்கும். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும். மழைக்காலத்தில் உச்சி வேண்டாம், மங்கைபாகரோடு திரும்பிவிடுங்கள்.

அதே பக்கம் திருக்கோளக்குடி. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிற்பது போன்ற பெரும் பாறைகளுக்கு நடுவே கோயில். கூட்டமே இருக்காது. மதியத்துக்கு முன் போக வேண்டும், பஸ் குறைவு, ஆட்டோவை நிறுத்தி வைத்துக் கொள்ளுங்கள்.

சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை பற்றியும் கேட்பார்கள். மூன்றும் அருமையான இடங்கள்தான். ஆனால் அவற்றுக்குத் தங்குமிடம் புதுக்கோட்டை, செட்டிநாடு அல்ல. சமணர் படுக்கைக்கும் ஓவியத்துக்கும் தனியாக இரண்டு நாள் வையுங்கள். நான்கு நாளுக்குள் அவற்றையும் திணித்தால் எல்லாமே கெடும்.

எதை எடுப்பது

சொந்த வாகனமோ சைக்கிளோ இருந்து, தங்கச் செலவழிக்க முடியும் என்றால் கானாடுகாத்தான். பாறை, வளவு, ஊருணி மூன்றும் 15 கி.மீ. வட்டத்துக்குள் அமைதியாகக் கிடைக்கும் ஊர் அது. நான்கு இரவும் அங்கேயே இருக்கலாம். ஆனால் எங்கள் பரிந்துரை மூன்று இரவு அங்கே, நான்காவது இரவு திருப்பத்தூர் அல்லது சிங்கம்புணரி. அன்று சாயங்காலம் வேட்டங்குடிக் கரை, மறுநாள் விடிகாலை பிரான்மலை. கானாடுகாத்தானிலிருந்தே பிரான்மலைக்குப் போய்வரலாம் என்று நினைத்தால் அடிவாரம் சேரும்போதே வெயில் ஏறிவிடும். அந்த ஓர் இரவு லாட்ஜ் வசதிக்குறைவைப் பொறுத்துக் கொள்வதுதான் வழி.

பஸ்ஸை நம்பி வருகிறவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் காரைக்குடியிலேயே இருங்கள். ஒரு நாள் மேற்குப் பக்கம், ஒரு நாள் வடக்குப் பக்கம், ஒரு நாள் நகரத்துக்குள். ஒரே நாளில் இரண்டு திசை வேண்டாம். பறவைக்காகவும் மலைக்காகவுமே வருகிறவர்கள் நான்கு இரவையும் திருப்பத்தூரில் வைக்கலாம். வீடுகளுக்கு ஒரு பகல் போய்வந்தால் போதும்.

மாதம் என்று பார்த்தால் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி நடு வரை. ஐப்பசியில் மழை, பாறை வழுக்கும், ஆனால் ஊருணி நிரம்புவதைப் பார்க்கலாம். பங்குனிக்கு மேல் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும். காலை ஒன்பதோடு வெளி வேலை முடிந்துவிட வேண்டும். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அன்று காரைக்குடி–திருப்பத்தூர்ச் சாலையில் போக்குவரத்து நின்றுவிடும். மஞ்சுவிரட்டு பார்க்க வராதவர்கள் அன்றைக்கு இடம் மாறாமல், தங்கியிருக்கும் ஊரின் தெருக்களிலேயே இருப்பது நல்லது.